முடியுமாம்

அப்பாவின் போன் இரவு எட்டரைக்கு வரும். 2020 ஏப்ரலில் தொடங்கி ஒன்றரை வருடம் ஏறக்குறைய ஒரே பேச்சு. சாப்பிட்டாச்சா, அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை இருக்கா, அத்தைக்கு இருமல் குறைந்ததா என்று நான் கேட்பேன். பிள்ளைகளைப் பற்றி அவர் கேட்பார். எல்லாம் முடிந்து போனை வைக்கப் போகிற நேரத்தில், அப்போதுதான் ஞாபகம் வந்தது போல ஒன்று கேட்பார்.

"எப்பம்ல முடியுமாம்?"

கொரோனா எப்போது முடியும் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. முடியுமாம் என்றுதான் கேட்பார். நான் செம்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவன், நாலு பேப்பர் படிக்கிறவன், அதனால் உலகத்தில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது என்னிடம் இருக்கும் என்று அவர் கணக்கு. எனக்கே விடை தெரிந்திருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. அந்த மட்டில் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டிருந்தார்.

'ஆம்' என்கிற இந்த ஒட்டு இல்லாமல் அந்த இரண்டு வருடத்தை நாம் பேசிக் கடந்திருக்க முடியாது. 'மழை வரும்' என்று சொன்னால், வராதபோது சொன்னவனைப் பிடித்துக் கேட்கலாம். 'மழை வருமாம்' என்றால் யாரையும் கேட்க முடியாது. யாரோ சொன்னார்கள், காதில் விழுந்தது, உன்னிடம் இறக்கி வைத்துவிட்டேன். மராத்திக்காரர்கள் இதற்கு 'ம்ஹணே' என்று தனியாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இந்தியில் 'சுனா ஹை' என்று காதைத் தொட்டுக் காட்ட வேண்டும். நமக்கு அது வினைச்சொல்லின் வாலில் தானாக ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

அப்பா, அம்மா, அப்பாவின் அக்கா மூவரும் தாராவியில் 90 அடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் இருந்தார்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, தோல் பை தைக்கும் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் குனிந்து உட்கார்ந்தவர். நான் வளர்ந்ததும் அந்த ஒற்றை அறையில்தான். செம்பூரிலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரம். ஊரடங்கு நாளில் அந்த அரை மணி கடல் தாண்டுகிற தூரமாகிவிட்டது.

ஏப்ரல் 1ஆம் தேதி தாராவியின் முதல் தொற்று பதிவானது. அந்த மனிதர் அன்றே சயான் ஆஸ்பத்திரியில் இறந்தும் போனார். இரண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்தில் எட்டு, ஒன்பது லட்சம் பேர் இருக்கிற இடம். "வீட்டிலேயே இருங்கள், ஆறடி தள்ளி நில்லுங்கள்" என்று டிவியில் சொல்லும்போது அம்மா சிரிப்பாளாம். எங்கள் வீட்டில் ஆறடி தள்ளி நிற்க வேண்டுமென்றால் எதிர்வீட்டு அடுப்பங்கரையில்தான் நிற்க வேண்டும். காலையில் பொதுக் கழிப்பறை வரிசைக்கு எந்த ஊரடங்கும் கிடையாது. ஆனாலும் மாநகராட்சி ஆட்கள் சந்து சந்தாக வந்து காய்ச்சல் பார்த்தார்கள், பள்ளிக்கூடங்களைத் தனிமை முகாம் ஆக்கினார்கள், ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அப்பாவுக்கு அதில் ரொம்பப் பெருமை. "நம்ம தாராவிய ஜெனீவாவுல பேசுதானாம்ல."

எப்போது முடியும் என்பதற்கு நான் அவரிடம் ஒப்பித்த தேதிகளை இப்போது எண்ணிப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. மகாபாரதப் போர் 18 நாளில் முடிந்தது, இது 21 நாள் என்று பிரதமர் சொன்னார். அதை அப்படியே சொன்னேன். 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். எங்கள் செம்பூரும் மாட்டுங்காவும் அதில் உண்டு, தாராவி இல்லை. குடிசைப் பகுதிகளில் 100க்கு 57 பேருக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது, அடுக்குமாடிகளில் 16 பேருக்கு. அவ்வளவுதான், ஹெர்ட் இம்யூனிட்டி வந்துவிட்டது, இனி அடங்கிவிடும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. (தமிழில் 'மந்தை எதிர்ப்பாற்றல்' என்று எழுதினார்கள். மந்தை என்று யாரைச் சொல்கிறோம் என்பதில் எழுதியவர்களுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.) அக்டோபரில் அரசு அமைத்த நிபுணர் குழு ஒன்று, வரும் பிப்ரவரிக்குள் கட்டுக்குள் வந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னது. டிசம்பர் 25ஆம் தேதி தாராவியில் புதுத் தொற்று பூஜ்யம். 2021 மார்ச் 7ஆம் தேதி ஒன்றிய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டோம் என்றார்.

சரியாக நாலு வாரம். ஏப்ரல் 4ஆம் தேதி மும்பையில் மட்டும் ஒரே நாளில் 11,163 பேர். மே முதல் வாரத்தில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு நாலு லட்சத்துக்கு மேல். அந்த மாதம் அப்பா எட்டரைக்குப் போன் செய்தார், ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

இந்த இடத்தில்தான் ஊசி வருகிறது. 2021 ஜனவரி 16ஆம் தேதி நாட்டில் போட ஆரம்பித்தார்கள். மார்ச் 1 முதல் 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அப்பாவுக்கு அப்போது 69, அத்தைக்கு 78. நான் உடனே கிளம்பி இருவரையும் அழைத்துப் போகத் தயாரானேன். அத்தை சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். அப்பா கைலியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க போயிட்டு வாங்க. எனக்கு வேண்டாம்."

"ஏம்ப்பா?"

"எனக்குத்தான் வந்துட்டுப் போயிருச்சே. நீதான சொன்ன, நூத்துக்கு அம்பத்தேழு பேருக்கு வந்து போயிருச்சுன்னு. போன ஜூன்ல எனக்கு நாலு நாள் காச்ச, கருவாட்டு வாசமே தெரியல. அந்த அம்பத்தேழுல நானும் ஒருத்தன்."

நான் கொடுத்த கணக்கை வைத்தே என்னை மடக்கிவிட்டார். யோசித்துப் பார்த்தால் அது மடத்தனமான வாதமும் இல்லை. வந்து போனவர்களுக்கு எத்தனை மாதம் பாதுகாப்பு, அவர்களுக்கும் ஊசி அவசியமா என்று மருத்துவர்களே அப்போது விவாதித்துக்கொண்டிருந்தார்கள். நான் பதில் சொல்லாமல் குரலை உயர்த்தினேன். படித்தவன் செய்கிற வேலை அது. விடை கையில் இல்லாதபோது சத்தம் கூடும்.

தடுப்பூசிச் சண்டையை 'விஞ்ஞானம் ஒரு பக்கம், மூடத்தனம் ஒரு பக்கம்' என்று எழுதியவர்களை நான் அப்போது ரசித்துப் படித்தேன். எங்கள் சந்தில் நடந்த சண்டை அப்படி இருக்கவில்லை. டீக்கடையில் நின்று கேட்டிருக்கிறேன். ஒருத்தர், நல்ல உடம்பில் எதற்கு ஊசி என்பார். இன்னொருத்தர் கபசுரக் குடிநீர் போதும் என்பார், மூன்று வேளையும் குடித்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டவர். ஊசி போட்ட கையில் காந்தம் ஒட்டுகிற வீடியோவை ஒரு பையன் காட்டுவான். இதெல்லாம் ஒரு ரகம். ஆனால் அதே டீக்கடையில் இட்லி வியாபாரம் செய்கிறவர் ஒருத்தர், கோவாக்சினுக்கு ஜனவரி 3ஆம் தேதி அனுமதி கொடுத்தபோது மூன்றாம் கட்டச் சோதனையின் முடிவு வந்திருந்ததா என்று கேட்டார். வந்திருக்கவில்லை. அந்த ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் ஆரம்பத்தில் கையெழுத்து வாங்கினார்கள். "நல்ல ஊசின்னா எதுக்குக் கையெழுத்து?" என்றார். எனக்குத் தெரிந்து எந்த டிவி விவாதத்திலும் இவ்வளவு சுருக்கமாக யாரும் கேட்கவில்லை.

அப்புறம் விவேக்.

ஏப்ரல் 15ஆம் தேதி சென்னையில் அரசு மருத்துவமனைக்குப் போய், கேமரா முன்னால், எல்லோரும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17ஆம் தேதி விடிவதற்குள் போய்விட்டார். இதயத்துக்குப் போகும் முக்கியக் குழாயில் முழு அடைப்பு, ஊசிக்குச் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் அன்றே சொன்னார்கள். பல மாதம் கழித்து ஒன்றிய அரசின் குழுவும் அதையே சொன்னது. ஆனால் வாழ்நாள் முழுக்க மூடநம்பிக்கையைக் கிண்டல் செய்தே சிரிக்க வைத்த மனுஷன், ஊசியை நம்புங்கள் என்று சொன்ன இரண்டாம் நாள் இறந்தால், அதை எந்த மருத்துவ அறிக்கை ஈடுகட்டும்? மும்பையில் மராத்திக்காரர்களுக்கும் குஜராத்திகளுக்கும் அவர் யாரென்றே தெரியாது. மாநகராட்சி ஒலிபெருக்கி இந்தியிலும் மராத்தியிலும் முழங்கிக்கொண்டிருக்க, எங்கள் சந்து மட்டும் சென்னைக்காகத் துக்கம் காத்தது. தாராவியில் ஏன் ஊசி போட ஆட்கள் வரவில்லை என்று பத்திரிகையில் எழுதியவர்கள் எத்தனையோ காரணம் சொன்னார்கள். எங்கள் சந்தின் காரணம் அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

"விவேக்கே போயிட்டாரு" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

அத்தை கதை வேறு. அவளுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு. ஆறேழு வயதில் ஊரில் பெரியம்மை வந்தது. அம்மை குத்துகிறவர் சைக்கிளில் வருகிறார் என்று தெரிந்ததும் தாத்தா பிள்ளைகளை நெல் குதிருக்குப் பின்னால் உட்கார வைத்து மேலே சாக்கைப் போட்டு மூடிவிட்டாராம். குத்தினால் மாரியம்மனுக்குக் கோபம் வரும் என்று பயம். அடுத்த கோடையிலேயே அத்தைக்கும் அவளுக்கு மூத்த அண்ணனுக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டது. அத்தை பிழைத்தாள். பெரியப்பா என்று நான் கூப்பிட்டிருக்க வேண்டியவரை நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு பிறந்தவர்தான் அப்பா. தாத்தாவே அவரைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் நடந்துபோய் அம்மை குத்திக்கொண்டு வந்தாராம். அந்த வட்டத் தழும்பு இன்னும் அப்பாவின் இடது கையில் இருக்கிறது. ஊசி வேண்டாம் என்று அவர் அந்தக் கையை ஆட்டித்தான் சொன்னார்.

அத்தை சொல்லித்தான் எனக்கு ஒன்று தெரியும். அம்மை வந்த வீட்டில் தாளிக்கக் கூடாது. கடுகு வெடிக்கிற சத்தமும் வாசமும் ஆத்தாளுக்கு ஆகாது. வேப்பிலை செருகிய வாசலுக்குள் ஊரார் வர மாட்டார்கள். புண் காய்ந்ததும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காய வைத்த தண்ணீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். முதல் தண்ணி, நாள் விட்டு இரண்டாம் தண்ணி, அப்புறம் மூன்றாம் தண்ணி. மூன்றாம் தண்ணி ஊற்றிய அன்றைக்கு வீட்டில் தாளிப்பார்கள். அடுப்பங்கரையில் கடுகு வெடித்தால் எதிர்வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும், ஆத்தா இறங்கிப் போய்விட்டாள் என்று. எப்போது முடியுமாம் என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

"இதுக்கு எவன் மூணாந் தண்ணி ஊத்துவான்?" என்பாள் அத்தை. கொரோனாவைத்தான்.

பெரியம்மைக்கு அப்படி ஊற்றியாயிற்று. இந்தியாவில் கடைசி நோயாளி 1975 மே மாதம். 1980 மே 8ஆம் தேதி உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். மனிதர்களுக்கு வருகிற நோய்களில் இதுவரை அடியோடு ஒழிந்தது அது ஒன்றுதான். அந்த நோய்க்கு இந்தியாவில் முதல் ஊசி போட்டதும் இதே மும்பையில், 1802 ஜூன் 14ஆம் தேதி, அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுக் குழந்தைக்கு. முதல் குத்துக்கும் கடைசி நோயாளிக்கும் நடுவில் 173 வருடம். இந்தக் கணக்கை அப்பாவிடம் நான் சொல்லவில்லை. எட்டரை மணிப் போனில் சொல்கிற விஷயமா அது?

ஊரடங்கு தளர்ந்த பிறகு வேலைக்குப் போகும் வழியில் பரேலில் ஹாஃப்கின் இன்ஸ்டிட்யூட் மதிலைத் தாண்டிப் போவேன். இருபது வருடமாகப் பார்க்கிற மதில். யார் இந்த ஹாஃப்கின் என்று தேடிப் படித்தது 2021இல்தான். 1896இல் மும்பையின் மாண்ட்வியில் பிளேக் வந்தது. ஒடெஸாவில் பிறந்த வால்டெமார் ஹாஃப்கின் பைகுல்லாவில் கிரான்ட் மருத்துவக் கல்லூரியின் ஒரு சின்ன அறையில் மூன்று மாதத்தில் தடுப்பூசி தயார் செய்து, 1897 ஜனவரி 10ஆம் தேதி முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பிறகு பைகுல்லா சிறையில் முன்வந்த கைதிகளுக்கு. இதற்குள் ஊருக்குள் என்ன பேச்சு என்றால், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் உயிரோடு திரும்ப முடியாதாம். விக்டோரியா ராணி சிலையில் தார் பூசியதற்குப் பழிவாங்க நோயாளிகளின் இதயத்தை அறுத்து அவளுக்கு அனுப்புகிறார்களாம். 1896 அக்டோபரில் ஆயிரம் ஆலைத் தொழிலாளர்கள் திரண்டுபோய் ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியை அடித்து நொறுக்கினார்கள். இன்றைக்குக் கஸ்தூர்பா மருத்துவமனை என்கிறோமே, 2020 மார்ச்சில் மும்பையின் முதல் கொரோனா நோயாளிகளைச் சேர்த்த இடம், அதுதான். அந்த ஆம்களைப் படிக்கும்போது சிரிப்பு வரவில்லை. தொற்றுநோய்ச் சட்டம் என்று 1897இல் ஒன்றைப் போட்டு, வீடு புகுந்து, பெண்களை இழுத்துச் சோதித்து, சாமான்களைத் தெருவில் போட்டுக் கொளுத்திய அரசு அது. அப்படிப்பட்டவன் கையிலிருந்து வருகிற ஊசியை யார் நம்புவார்கள்? அதே சட்டத்தைத்தான் 2020இலும் எடுத்துத் தூசி தட்டினார்கள்.

இன்னொன்றும் படித்தேன். 1902இல் பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் அந்தத் தடுப்பூசி போட்ட 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். ஒரே ஒரு பாட்டிலில் வந்த கிருமி. ஹாஃப்கினை வேலையிலிருந்து நீக்கினார்கள். தவறு அவருடைய ஆய்வுக்கூடத்தில் இல்லை, கிராமத்தில் பாட்டிலைத் திறந்த இடத்தில் என்று 1907இல்தான் பழி நீங்கியது. 1925இல் கட்டடத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள்.

இதை அப்பாவிடம் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மனைவி வேண்டாம் என்றாள். "ஏற்கெனவே பயந்து கிடக்கிறார், பத்தொன்பது பேர் செத்த கதையை வேற சொல்லணுமா?" நான் சொன்னேன். எட்டரை மணிப் போனில்தான். அவர் நடுவில் ஒன்றும் பேசாமல் கேட்டார். "அப்பம் அந்த வெள்ளக்காரன் தன் கையில மொதல்ல போட்டுக்கிட்டான்" என்றார். பத்தொன்பது பேரை அவர் பிடித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் பிடித்துக்கொண்டது அதை.

பிளேக் மும்பையில் எப்போது முடிந்தது என்று கேட்டால் யாராலும் ஒரு தேதி சொல்ல முடியாது. வருடா வருடம் குளிர் முடிகிற நேரத்தில் திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒரு தலைமுறை கழித்துக் காணாமல் போனது. அது விட்டுப்போனதில் ஒன்று மாட்டுங்கா. நெரிசலில்தான் பிளேக் பரவுகிறது என்று 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைத்து, தாதர், மாட்டுங்காவில் அகலத் தெருவும் மரமும் தோட்டமுமாக மனை பிரித்தார்கள். அங்கேதான் பிறகு தமிழர்கள் வந்து குடியேறி, கோயில் கட்டி, காபிக் கடை வைத்தார்கள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா, இந்தப் பக்கம் தாராவி. ஒரே மொழி, நடுவில் தண்டவாளம். நகரத்தில் வேண்டாத தோல் பதனிடும் வேலையெல்லாம் இந்தப் பக்கம்தான் வந்து சேர்ந்தது. ஒரு தொற்று முடியும்போது யாருக்குத் தோட்டம் கிடைக்கிறது, யாருக்கு வரிசை கிடைக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவாகிறது போல.

வரிசை என்றதும் அத்தையின் ஊசி நினைவுக்கு வருகிறது. மார்ச்சில் முதல் தடவை நாலு மணி நேரம் ஒரு மையத்தில் நின்றோம். பன்னிரண்டரைக்கு ஒருத்தர் வந்து ஸ்டாக் தீர்ந்துவிட்டது என்றார். அத்தை அவரிடம், "நாளைக்கு வருமா, வருமாமா?" என்று தமிழிலேயே கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. ஒரு வாரம் கழித்துக் கோவிஷீல்டு கிடைத்தது. ஒரு நாள் காய்ச்சல். இரண்டாவது ஊசி நாலு வாரத்தில் என்றுதான் முதலில் இருந்தது. மார்ச் 22இல் எட்டு வாரம் வரை நீட்டினார்கள். மே 13இல் பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரம். இடைவெளி கூடினால் எதிர்ப்பு சக்தி கூடும் என்பதற்கு வெளிநாட்டு ஆதாரம் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. ஆனால் மும்பையில் ஊசி இல்லாமல் மையங்களை மூடிய மாதத்தில் வந்து இதைச் சொன்னால், இல்லாதவன் விரதம் இருக்கிறேன் என்று சொன்னது போலத்தான் கேட்டது. அப்பா விடவில்லை. "நாலாம், எட்டாம், பன்னெண்டாம். ஏலம் போடுதானா?"

நான் ஜூன் மாதம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் 780 ரூபாய் கொடுத்துப் போட்டுக்கொண்டேன். பத்து நிமிஷ வேலை, போட்ட பிறகு ஏசி அறையில் ஜூஸ் கொடுத்தார்கள். செயலியில் இடம் பிடிக்க விரல் வேகமும் ஆங்கிலமும் வேண்டியிருந்த நாட்கள் அவை. தாராவிக்குப் பக்கத்து மையத்தில் காரில் வந்து இறங்கி ஊசி போட்டுப் போனவர்களை நானே பார்த்தேன். அவர்கள் மேல் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

ஜூலை கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது போன் துடித்தது. அப்பாவின் பெயரைப் போட்டு, முதல் ஊசி வெற்றிகரமாகப் போடப்பட்டது என்று ஒரு செய்தி. அவரை என் நம்பரில்தான் மார்ச்சிலேயே பதிவு செய்து வைத்திருந்தேன். யாரோ திருட்டுத்தனமாக அவர் பெயரில் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். காந்திவலியில் ஒரு குடியிருப்பில் போலி முகாம் நடத்தி நூற்றுக்கணக்கானவர்களுக்கு எதையோ குத்திய விவகாரம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. பதறிப்போய்ப் போன் செய்தேன்.

"ஆமா, போட்டேன்."

"யார் கூடப் போனீங்க?"

"ஒத்தையிலதான். எதுக்கு ஆளு?"

நான்கு மாதம் நான் அனுப்பிய வீடியோக்கள், விளக்கங்கள், கெஞ்சல், கத்தல் எதுவும் இல்லை. அவருக்கு முடி வெட்டுகிற சலூன்காரர் போட்டுக்கொண்டாராம். போட்ட மறுநாள் காலையில் அப்பா சவரத்துக்குப் போயிருக்கிறார்.

"கத்திய என் தொண்டையில வச்சு வழிச்சான்ல. கை ஒரு இழை நடுங்கல."

அந்த வாக்கியத்தில் ஒரு ஆமும் இல்லை. அவர் பார்த்தது, அவர் கழுத்து.

ஆகஸ்ட் 15 முதல் லோக்கல் ரயிலில் பொதுமக்கள் ஏறலாம் என்று மாநில அரசு அறிவித்தது. இரண்டு ஊசியும் போட்டு 14 நாள் ஆகியிருக்க வேண்டும். மும்பையில் 'எப்போது முடியும்' என்ற கேள்விக்கு உண்மையான அர்த்தம் 'ரயில் எப்போது' என்பதுதான், ஆகவே ஊரே அன்றைக்குக் கொண்டாடியது. நானும் அந்த விதியை ஆதரித்தேன். ஊசி போட்டவன் மட்டும் ஏறட்டும், அப்போதாவது போடுவார்கள் என்று ஆபீசில் வாதாடினேன். அப்புறம் டீக்கடை இட்லிக்காரர் கணக்கைச் சொன்னார். அவர் முதல் ஊசி போட்டது ஜூலை நடுவில். இரண்டாவதுக்கு 84 நாள், அதற்கு மேல் 14 நாள். மொத்தம் 98 நாள் அவருக்கு ரயில் கிடையாது. ஊசி வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வரிசையில் நின்றவர்தான். காசு கொடுத்து ஜூனில் போட்டவன் செப்டம்பரில் ஏறிவிட்டான், அதாவது நான். அவர் அந்தேரி வரை சைக்கிளில் இட்லி கொண்டுபோனார்.

2022 மே 2ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது, உடம்பு அவரவருடையது, அன்றைய நிலையில் ஊசி போடாதவர்களைத் தடுக்கும் விதிகள் அளவுக்கு மீறியவை என்று தீர்ப்பு சொன்னது. தடுப்பூசிக் கொள்கை தவறு என்று சொல்லவில்லை. சோதனை விவரங்களையும் பக்க விளைவு விவரங்களையும் வெளியிடச் சொன்னது. கையெழுத்து எதற்கு என்று கேட்டவரிடம் அந்தத் தீர்ப்பைச் சொன்னேன். "இப்பம் சொல்லுதாவ" என்றார்.

2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. அன்று இரவு அப்பா போன் செய்யவில்லை. அவர் எட்டரைக்குப் போன் செய்வதை நிறுத்தி வெகுநாள் ஆகியிருந்தது, எப்போது நிறுத்தினார் என்று எனக்கே நினைவில்லை. அத்தை அதற்கு முன்னாலேயே திருநெல்வேலி வண்டியில் ஊருக்குப் போய்விட்டாள்.

2024 மே மாதம்தான் ஊசிப் பேச்சு கடைசியாக வந்தது. கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அபூர்வமாக ரத்தம் உறையக்கூடும் என்று அதை உருவாக்கிய நிறுவனம் பிரிட்டன் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட செய்தி எல்லா சேனலிலும் ஓடியது. 2021இலேயே மருத்துவர்கள் சொன்ன விஷயம்தான். அப்பா அன்றைக்குப் போன் செய்தார்.

"நாம போட்டது கெட்ட ஊசியாம்ல?"

போட்ட சில வாரங்களுக்குள் வந்தால்தான் உண்டு, அதுவும் லட்சத்தில் ஒருத்தருக்கு என்கிற கணக்கில்தான், மூன்று வருடம் கழித்துப் பயமில்லை என்று விளக்கினேன். முல்கோவால் போல ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"சரி, போட்டாச்சு. அத விடு" என்றார். "இங்க வீட்டக் கணக்கெடுக்க வாராங்கல்லா, கதவுல நம்பர் எழுதிட்டுப் போறாங்க. 2000த்துக்கு முந்தின பேப்பர் இருந்தாத்தான் இங்கேயே வீடாம். இல்லாதவன முலுண்டுப் பக்கம் உப்பளத்துக்கு அனுப்பிருவாங்களாம். ஏல, எப்பம் இடிப்பாங்களாம்? ஒனக்கு ஏதாவது தெரியுமா?"